குதிரையருகே பாதுகாப்பாக இருப்பது எப்படி: கொடைக்கானலில் குதிரை பழக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிச் செல்லும் 5 கிலோமீட்டர் சாலையில் நாள்தோறும் எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதன்முறையாகக் குதிரை மீது ஏறுகிறார்கள். குதிரைக்காரர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க, ஏறியவர் படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். பெரும்பாலும் ஒன்றும் நேர்வதில்லை. ஒன்றும் நேராததற்குக் காரணம் அந்தக் குதிரைக்காரரின் கண்ணும் கையும்தான் என்பது ஏறியவருக்குத் தெரிவதே இல்லை. அந்தக் கண்ணையும் கையையும் கொஞ்சமாவது தாமும் பெற விரும்புவோருக்காக, அதாவது முறையாகக் குதிரையேற்றம் பழக வருவோருக்கும், மலையில் குடியேறிக் குதிரை வளர்க்க எண்ணுவோருக்கும், விடுமுறைக்கு வந்து ஒரு மணி நேரம் சவாரி செய்வோருக்கும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

குதிரையிலிருந்து விழுவதுதான் ஆபத்து என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் உதைபடுவது, கடிபடுவது, மிதிபடுவது, சுவருக்கும் குதிரைக்கும் இடையே நசுங்குவது, கயிறு கையில் சுற்றி விரல் முறிவது ஆகிய அனைத்தும் தரையில் நிற்கும்போது நிகழ்பவை. ஆகவே தரையில் கற்க வேண்டியதை முதலில் கற்றுக்கொண்டு, அதன்பின் சேணத்துக்குச் செல்வதே சரியான வரிசை.

குதிரை எதைக் காண்கிறது, எதைக் கேட்கிறது

‘குதிரையின் குணம் அறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை’ என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. குதிரையோடு பழகியவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். வேண்டுமென்றே மனிதரைத் தாக்க வரும் குதிரை மிக அரிது. குதிரையால் விளையும் காயங்களில் பெரும்பகுதி அதன் அச்சத்தால் விளைபவை. புல்வெளியில் புலிக்கும் ஓநாய்க்கும் இரையாக வாழ்ந்த இனம் அது. சந்தேகம் எழுந்தால் முதலில் ஓடு, பிறகு பார் என்பதே அதன் உடலில் ஊறிய விதி. சிறிய மட்டக்குதிரைகூட 200 கிலோவுக்கு மேல் எடையுள்ளது, நன்கு வளர்ந்த குதிரை 400 முதல் 500 கிலோ வரை இருக்கும். அந்த எடை ஒரு நொடியில் பக்கவாட்டில் பாயும்போது நாம் எங்கே நிற்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால் குதிரை தன்னைச் சுற்றி ஏறக்குறைய 350 பாகை வரை காண முடியும். காணாத இடங்கள் இரண்டே: வாலுக்கு நேர் பின்னால் ஒன்று, நெற்றிக்கு நேர் முன்னால், மூக்கின் கீழே ஒன்று. புதிதாக வருபவர் ஆசையாகக் கை நீட்டுவது இந்த இரண்டாவது இடத்தில்தான். நெற்றியைத் தடவ நேராக மேலெழும் கை, குதிரைக்குத் திடீரென்று காற்றிலிருந்து முளைத்ததாகத் தோன்றும். அது தலையை வீசினால் நம் மூக்கு உடையும். மேலும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நுழையும்போது நம்மைவிட அதன் கண்களுக்குப் பழக அதிக நேரம் ஆகும். லாயத்தின் வாசலில் தயங்கும் குதிரையைச் சண்டி என்று அடிப்பவர்கள் இதை அறியாதவர்கள்.

காதுகளைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இரு காதுகளும் தனித்தனியே திரும்பக்கூடியவை. குதிரையின் கவனம் எங்கே இருக்கிறதோ அங்கே காது திரும்பும். முன்னோக்கி விறைத்து நின்றால் ஏதோ ஒன்றை உற்றுப் பார்க்கிறது. தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தால் ஓய்வில் இருக்கிறது. ஒன்று நம் பக்கம் திரும்பினால் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் பின்னோக்கி மடிந்து பிடரியோடு ஒட்டிப் படிந்தால் அது எச்சரிக்கை. அதோடு வால் சுள்ளென்று வீசப்படுவதும், கண்ணின் வெள்ளை தெரிவதும், உதடு இறுகுவதும் சேர்ந்தால் அங்கிருந்து விலகுவதைத் தவிர வேறு வேலை இல்லை. ஒரு பின்னங்காலை மடக்கிக் குளம்பின் நுனியை மட்டும் தரையில் ஊன்றி நிற்பது பெரும்பாலும் ஓய்வின் அடையாளம். ஆனால் குதிரை நின்றபடியே தூங்கக்கூடியது என்பதையும் மறக்கக் கூடாது. உறங்கும் குதிரையைத் தொட்டு எழுப்பினால் அது முதலில் உதைக்கும், பிறகுதான் விழிக்கும்.

அணுகும் முறை

முதலில் குதிரைக்காரரிடம் பேசுங்கள். ‘அண்ணே, இது உதைக்குமா, கடிக்குமா, எதைக் கண்டால் மிரளும்?’ என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. நல்ல குதிரைக்காரர் மறைக்காமல் சொல்வார். ‘ஆளு நல்லவன்தான் தம்பி, இடது காதை மட்டும் தொடாதீங்க’ என்பது போன்ற ஒரு பதில் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. கேள்வியே பிடிக்காமல் ‘ஒண்ணும் பண்ணாது, ஏறுங்க’ என்று அவசரப்படுத்துபவரிடம் ஏறாமல் இருப்பது நல்லது.

அடுத்து, குதிரை நம்மைக் காணும்படி அதன் இடப்பக்கத் தோளை நோக்கிச் சாய்வாக நடந்து செல்லுங்கள். குதிரைகளைப் பெரும்பாலும் இடப்பக்கத்திலிருந்தே பழக்குகிறார்கள் என்பதால் அந்தப் பக்கம் அவற்றுக்குப் பழகியது. நடக்கும்போதே தாழ்ந்த குரலில் ஏதாவது பேசுங்கள். என்ன பேசுகிறோம் என்பது முக்கியமில்லை, குரல் முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். கை எட்டும் தொலைவில் நின்று, அது மூக்கை நீட்டி முகர விட்டு, பிறகு கழுத்திலோ தோளிலோ உள்ளங்கையை வைத்துத் தடவுங்கள். விரல் நுனியால் தொட்டால் ஈ உட்கார்ந்ததுபோல் தோலைச் சிலிர்க்கும். முழு உள்ளங்கையும் படிந்தால் அமைதியாகும்.

பின்புறம் செல்ல நேர்ந்தால் இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, குறைந்தது 3 அல்லது 4 மீட்டர் விலகிச் சுற்றிச் செல்வது. இடம் இல்லாத லாயத்தில், பேசிக்கொண்டே, ஒரு கையைப் பின்தொடையின் மேல் வைத்தபடி, உடலோடு உடல் உரசும் அளவுக்கு நெருங்கிக் கடப்பது மற்றொன்று. நெருங்கி நிற்பவரை உதைத்தாலும் கால் முழு வீச்சுப் பெறுவதில்லை; ஒன்று, ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவர் மீதுதான் உதை முழு வேகத்தில் விழும். புதியவர்கள் இரண்டாவது வழியை விட்டுவிட்டு முதல் வழியையே கடைப்பிடிக்க வேண்டும். பின்னங்கால் பக்கவாட்டிலும், சற்று முன்னோக்கியும் வீசப்படலாம் என்பதால் வயிற்றருகே நிற்பதும் முழுப் பாதுகாப்பு ஆகாது. குளம்பைப் பார்க்கவோ, காலைத் துடைக்கவோ குனியலாம், குந்தலாம். முழந்தாளிட்டோ சம்மணமிட்டோ தரையில் உட்காரக் கூடாது, எழுந்து விலக நேரம் இருக்காது.

தின்னக் கொடுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உடையவர் அனுமதித்தால் மட்டும், கேரட் துண்டை விரிந்த உள்ளங்கையில், கட்டைவிரலையும் சேர்த்து ஒட்டி வைத்துக் கொடுங்கள். பல குதிரைகள் சேர்ந்து நிற்கும் இடத்தில் ஒன்றுக்கு மட்டும் கொடுத்தால் அவற்றுக்குள் சண்டை மூளும், நடுவில் நாம் மாட்டிக்கொள்வோம். சுற்றுலாப் பயணிகள் நீட்டும் பிஸ்கட்டும் சிப்ஸும் குதிரையின் வயிற்றுக்கு ஆகாதவை. தின்பண்டத்துக்குப் பழகிய குதிரை விரைவில் சட்டைப் பையைக் கடிக்கத் தொடங்கும்.

நடத்திச் செல்வதும் கட்டுவதும்

குதிரையை நடத்தும்போது அதன் தலைக்கும் தோளுக்கும் இடையே, இடப்பக்கம் நிற்க வேண்டும். வலக்கை தாடைக்குக் கீழே ஒரு சாண் தள்ளிக் கயிற்றைப் பிடிக்க, மிஞ்சிய கயிற்றை மடிப்பு மடிப்பாக இடக்கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கையைச் சுற்றியோ, மணிக்கட்டிலோ, இடுப்பிலோ கயிற்றைச் சுற்றக் கூடாது. இந்த ஒரு விதியை மீறியதால் விரல் இழந்தவர்களும், இழுத்துச் செல்லப்பட்டவர்களும் உலகெங்கும் உண்டு. குதிரை இழுத்து ஓடினால் கயிற்றை விட்டுவிட வேண்டும். ஓடிய குதிரை கொள்ளு வைக்கும் இடத்துக்குத் தானே திரும்பி வரும்.

முன்னே நின்று முகத்துக்கு முகம் பார்த்து இழுத்தால் குதிரை வராது; அதன் பார்வையில் வழியை மறித்து நிற்பவர் நாம்தான். தோளருகே நின்று, போக வேண்டிய திசையைப் பார்த்து நடந்தால் உடன் வரும். திருப்பும்போது நம் பக்கம் இழுக்காமல், அதன் தலையை வலப்பக்கம் தள்ளி, நாம் வெளிச்சுற்றில் நடந்து திருப்ப வேண்டும். நம் பாதத்தின் மேல் குளம்பு விழாமல் இருக்க இதுவே வழி. அப்படியும் பாதத்தை மிதித்துவிட்டால் காலை உருவ முயலாதீர்கள், கிழிந்துவிடும். நம் தோளால் குதிரையின் தோளை அழுத்தித் தள்ளினால் அது எடையை மறுகாலுக்கு மாற்றும்.

வாகனம் ஓடும் சாலையில் மட்டும் இந்த இடப்பக்க வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சாலையின் இடது ஓரத்தில் குதிரையை வைத்து, வாகனங்களுக்கும் குதிரைக்கும் நடுவே, அதன் வலப்பக்கத்தில் நாம் நடக்க வேண்டும். அப்போது குதிரை சாலைக்குள் சாய்வது குறையும். இதற்காகவே பயிற்சிக் குதிரையை இரு பக்கமிருந்தும் நடத்திப் பழக்குவது நல்லது.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை: அசையாத கம்பம் அல்லது மரமாக இருக்க வேண்டும், வேலிக் குச்சி, இருசக்கர வாகனம், கடைப் பலகை ஆகியவை கூடாது. முடிச்சு குதிரையின் தோளுக்கு மேல் உயரத்திலும், கயிறு ஒரு கை நீளத்துக்கு மிகாமலும் இருந்தால் முன்னங்கால் கயிற்றுக்குள் மாட்டாது. கடிவாள வாரால் ஒருபோதும் கட்டக் கூடாது. மிரண்டு பின்னிழுத்தால் வாய்க்குள் உள்ள இரும்பு நாக்கையும் ஈறையும் அறுத்துவிடும். முடிச்சு, நுனியை இழுத்தவுடன் அவிழ்வதாக இருக்க வேண்டும். அதைப் போடும் முறை இது: கயிற்றைக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு கண்ணி விடுங்கள்; தொங்கும் நுனியை முழுவதுமாக நுழைக்காமல், நடுவில் மடித்து அந்த மடிப்பை மட்டும் கண்ணிக்குள் நுழைத்து, குதிரையின் பக்கமுள்ள கயிற்றைப் பிடித்து இறுக்குங்கள். ஆபத்து நேரத்தில் தொங்கும் நுனியை ஓர் இழுப்பு இழுத்தால் முழுதும் கழன்றுவிடும். கண்ணிக்குள் விரலை விட்டபடி இறுக்கக் கூடாது. முதலில் ஒரு நாற்காலிக் காலில் இருட்டிலும் போட வரும்வரை பழகிவிட்டு, பிறகு குதிரையிடம் செல்லுங்கள்.

ஏறுவதற்கு முன்

நமக்கு வேண்டியவை மூன்று. தலைக்கவசம் குதிரையேற்றத்துக்கென்று செய்யப்பட்டதாக, தாடைப் பட்டை இறுகியதாக இருக்க வேண்டும்; மோட்டார் சைக்கிள் கவசம் கனமானது, பக்கப் பார்வையையும் காதையும் மறைக்கிறது. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை, வெடிப்புத் தெரியாவிட்டாலும், மாற்றிவிட வேண்டும். காலணி கணுக்காலை மூடியதாகவும், அடிப்பகுதி வழவழப்பாகவும், சுமார் 2 சென்டிமீட்டர் குதிகால் உள்ளதாகவும் இருந்தால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் பாதம் வைக்கும் வளையத்துக்குள், வழுக்கிப் போய் மாட்டிக்கொள்ளாது. செருப்பும், ஆழமான பள்ளங்கள் கொண்ட மலையேற்றக் காலணியும் இதற்கு ஆகாதவை. தொளதொளவென்ற துப்பட்டா, கழுத்துத் துண்டு, தோளில் தொங்கும் பை ஆகியவற்றைக் கழற்றிக் கீழே வைத்துவிட வேண்டும். குளிருக்காகப் போடும் ஜெர்க்கினைத் தரையிலேயே இழுத்து மூடிக்கொள்ளுங்கள், சேணத்தில் அமர்ந்து கழற்றும்போது இரு கைகளும் சட்டைக்குள் மாட்டியிருக்கும் நேரத்தில் குதிரை நகர்ந்தால் ஒன்றும் செய்ய இயலாது.

குதிரையை நிதானமாகப் பாருங்கள். பத்தடி நடத்திக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை ஒரு முன்னங்கால் தரையில் படும்போதும் தலை மேலே தூக்கினால் அந்தக் காலில் வலி இருக்கிறது. சேணத்தின் அடியில் விரிக்கும் துணியைத் தூக்கிப் பார்த்தால் முதுகில் புண் இருக்கிறதா என்பது தெரியும். புண்ணின் மேல் சேணம் வைத்து ஏறினால் குதிரைக்கு இழைக்கும் கொடுமை ஒருபுறம், வலி தாங்காமல் அது துள்ளுவது மறுபுறம். மூக்கிலிருந்து சளி ஒழுகும் குதிரையைத் தொடவே வேண்டாம். மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் என்ற கொடிய நோய் குதிரைகளுக்கு வருவதுண்டு. எடையையும் மனத்தில் கொள்ள வேண்டும். சேணத்தோடு சேர்த்து நம் எடை குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளும் மட்டக்குதிரைக்கு 70 கிலோவையே உச்ச வரம்பாக வைத்துள்ளன. 85 கிலோ எடையுள்ளவர் சிறிய குதிரையில் ஏறி மேட்டில் செல்வது இருவருக்கும் ஆபத்து.

இனி வயிற்று வார். சேணத்தைக் குதிரையின் உடலோடு பிணைத்திருப்பது இது ஒன்றுதான். இது தளர்ந்தால் சேணம் அப்படியே பக்கவாட்டில் சுழன்று நம்மைக் குதிரையின் வயிற்றுக்கடியில் கொண்டுபோய்விடும். பல குதிரைகள் வாரை இறுக்கும்போது மூச்சை இழுத்து மார்பை உப்பிக்கொண்டு, சிறிது நேரம் கழித்துத் தளர்த்திக்கொள்ளும். எனவே மும்முறை சோதிக்க வேண்டும்: சேணம் வைத்தவுடன் ஒன்று, சில அடிகள் நடத்திய பின் ஏறுவதற்குச் சற்று முன் ஒன்று, ஏறிப் பத்து நிமிடம் சென்றபின் ஒன்று. வாருக்கும் உடலுக்கும் இடையே இரு விரல்கள் தட்டையாக நுழையும் அளவு போதும். ஒரேயடியாக இறுக்காமல் ஒவ்வொரு துளையாக இறுக்கினால் குதிரை கடிக்கத் திரும்பாது. அங்கவடியைத் தாங்கும் தோல் வாரின் தையலையும் இழுத்துப் பாருங்கள். மலைக் காற்றின் ஈரத்தில் எண்ணெய் காணாத தோல் விரைவில் வெடிக்கும். அங்கவடியின் நீளத்தைத் தரையில் நின்றே அளக்கலாம்: விரல் நுனிகளைச் சேணத்தில் வார் தொடங்கும் இடத்தில் வைத்து, அங்கவடியைக் கையோடு சேர்த்து நீட்டினால் அதன் அடி அக்குளைத் தொட வேண்டும்.

ஏறுதல், அமர்தல், இறங்குதல்

ஏறும்போது ஒருவர் குதிரையின் தலையைப் பிடித்திருக்க வேண்டும். கடிவாள வார்கள் இரண்டையும் இடக்கையில் குறுக்கிப் பிடித்து, அதே கையால் பிடரி மயிரையும் ஒரு கொத்து சேர்த்துப் பிடியுங்கள். இடது பாதத்தை அங்கவடியில் வைக்கும்போது கட்டைவிரல் குதிரையின் விலாவைக் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குத்தினால் அதைப் புறப்படச் சொல்வதாகக் குதிரை எடுத்துக்கொள்ளும். வலக்கால் பின்முதுகில் இடிக்காமல் உயரத் தூக்கித் தாண்டி, மெல்ல அமர வேண்டும். ஒரு மேடையோ திட்டோ இருந்தால் அதன் மேல் நின்று ஏறுவது நம் முழங்காலுக்கும் குதிரையின் முதுகுக்கும் நல்லது.

அமர்ந்தபின் தோள், இடுப்பு, குதிகால் மூன்றும் ஒரே செங்குத்துக் கோட்டில் இருக்கட்டும். பாதத்தின் முன்பகுதி மட்டும் அங்கவடியில் பட, குதிகால் தாழ்ந்திருக்க வேண்டும். பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே தொலைவில் இருக்க வேண்டும். புதியவருக்கு அச்சம் வந்தால் கால்கள் இறுகுகின்றன, கைகள் கடிவாளத்தை இழுக்கின்றன. கால் இறுகினால் ‘போ’ என்று பொருள், கை இழுத்தால் ‘நில்’ என்று பொருள்; இரண்டையும் ஒன்றாகக் கேட்ட குதிரை குழம்பி முன்னங்கால்களைத் தூக்குகிறது, அல்லது பின்னோக்கி நகர்கிறது. பயம் வரும்போது முதலில் மூச்சை நீளமாக விடுங்கள். மூச்சு வெளியேறினால் உடல் தானே தளர்ந்து சேணத்தில் ஆழ அமரும்.

இறங்கும்போது இரு பாதங்களையும் அங்கவடியிலிருந்து எடுத்துவிட்டு, முன்னே சாய்ந்து, வலக்காலை வீசி, இரு கால்களாலும் ஒன்றாகத் தரையில் இறங்க வேண்டும். ஒரு கால் அங்கவடியில் இருக்க மறுகாலைத் தரையில் வைக்கும் அந்த ஒரு கணத்தில் குதிரை நகர்ந்தால் இழுபட நேரும்.

மலைப்பாதையில்

ஏரிச் சாலை சமதளமானது என்பதால் தொடங்குவோருக்கு ஏற்றது, ஆனால் அங்கே வேறொரு தொல்லை உண்டு. வாடகை சைக்கிள்கள், அதிலும் இருவர் மூவர் சேர்ந்து மிதிக்கும் நீளமான சைக்கிள்கள், பின்னாலிருந்து சத்தமே இல்லாமல் வந்து திடீரென்று மணியடிக்கும். கார் வருவதைக் குதிரை வெகு தொலைவிலேயே கேட்டுவிடும், சைக்கிளைக் கேட்பதில்லை. ஏப்ரல், மே மாத நெரிசலில் முதல் பாடத்தை அங்கே வைத்துக்கொள்வதைவிட, காலையில் கடைகள் திறப்பதற்கு முன்னோ, ஆளில்லாத புல்தரையிலோ பழகுவது நல்லது. பலூன், காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, விரியும் குடை, ட்ரோன், பட்டாசு ஆகிய ஐந்தும் குதிரையின் பரம வைரிகள். தீபாவளியை ஒட்டிய நாட்களில் குதிரையை வெளியே எடுக்காமல் இருப்பதே மேல்.

தார்ச்சாலை நனைந்தால் லாடத்துக்குப் பிடிப்பு இருக்காது. மழை பெய்து ஓய்ந்த சாலையில் நடையைத் தவிர வேறு வேகமே கூடாது, வளைவுகளில் குதிரையை ஒருபக்கமாகத் திருப்பாமல் நேராக வைத்துச் செல்ல வேண்டும். பைன் காட்டுச் சரிவில் உதிர்ந்து கிடக்கும் ஊசி இலைகளும் ஏறக்குறைய அதே அளவுக்கு வழுக்கும். மேட்டில் ஏறும்போது சற்று முன்சாய்ந்து, பிடரியைப் பிடித்து, கடிவாளத்தைத் தளர்த்துங்கள். தலையை நீட்டித்தான் குதிரை தன்னை மேலே இழுத்துக்கொள்கிறது. இறக்கத்தில் நிமிர்ந்து அமர்ந்து, மிகச் செங்குத்தான இடத்தில் சிறிது பின்சாய்ந்து, எடையைக் குதிகாலில் விடுங்கள். குறுக்காக இறங்க முயலும் குதிரை சறுக்கினால் உருளும். நேராக இறங்குவது சறுக்கினாலும் பின்கால்களில் அமர்ந்து தன்னை நிறுத்திக்கொள்ளும். முன் செல்லும் குதிரைக்கும் நம் குதிரைக்கும் இடையே ஒரு குதிரை நீளமாவது இடைவெளி வேண்டும். முன் குதிரையின் வால், குளம்பு இரண்டும் நம் குதிரையின் காதுகளுக்கு நடுவே தெரிந்தால் இடைவெளி சரி.

பிற்பகலில் மூடுபனி இறங்கும் மலை இது. பத்தடிக்கு அப்பால் தெரியாத பனியில் நாம் மட்டுமல்ல, வாகன ஓட்டியும் குருடர்தான். அத்தகைய நேரத்தில் சாலையை விட்டு இறங்கி நின்றுவிடுங்கள், மங்கிய நிற உடுப்பைத் தவிருங்கள்.

காட்டெருமை பற்றித் தனியே சொல்ல வேண்டும். கொடைக்கானலிலும், நீலகிரியில் குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களிலும் அவை ஊருக்குள்ளேயே மேய்கின்றன. மன்னவனூர் செல்லும் வழியில் ஒரு மாலை நான் ஏறியிருந்த பெண்குதிரை, சோலையோரம் காரணமே இல்லாமல் நின்றது. இரு காதுகளும் ஒரே புதரை நோக்கி விறைத்தன. கழுத்து மரம்போல் இறுகி, என் தொடைக்கடியில் அதன் இதயம் அடிப்பது தெரிந்தது. எனக்கு இலைகளைத் தவிர எதுவும் தெரியவில்லை. உடன் வந்த குதிரைக்காரர் குதிரையின் காதை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கடிவாளத்தைப் பிடித்து வந்த வழியே திருப்பி நடத்தினார். வளைவைக் கடந்தபின் திரும்பிப் பார்த்தபோது வெள்ளைக் காலுறை போட்டது போன்ற கால்களுடன் பெரிய கடா ஒன்று பாதையின் நடுவே நின்றது. குதிரை நின்றுவிட்டு ஒரு திசையையே பார்த்தால் அதை உதைத்து முன்னே செலுத்தக் கூடாது. காட்டெருமையைக் கண்டால் கத்தாமல், படம் எடுக்க நெருங்காமல், நடையிலேயே திரும்பிவிட வேண்டும். ஓட விட்டால் நம் குதிரை நிற்காது.

வெள்ளகவி போன்ற, நெடுங்காலம் சாலை எட்டாதிருந்த மலையூர்களுக்கு அரிசியும் பருப்பும் குதிரை முதுகில்தான் சென்றன. அத்தகைய ஒற்றையடிப் பாதையில் சுமைக்குதிரைகள் எதிரே வந்தால் மலைச்சுவரை ஒட்டிய பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால், இருபுறமும் பிதுங்கி நிற்கும் மூட்டை இடித்து நம்மைக் கீழே தள்ளிவிடும். குதிரைக்குத் தன் உடலின் அகலம் தெரியும், மூட்டையின் அகலம் தெரியாது.

மிரண்டால், விழுந்தால்

சாலையோரத்தில் ஏதோ ஒன்றைக் கண்டு குதிரை ஒதுங்கத் தொடங்கினால், அந்தப் பொருளுக்கு எதிர்ப்பக்கம் அதன் தலையைத் திருப்புங்கள். தலையைப் பொருளை நோக்கித் திருப்பினால் பின்னுடல் சாலைக்குள் வீசும். தறிகெட்டு ஓடத் தொடங்கிவிட்டால் இரு வார்களையும் ஒன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பதால் பயனில்லை, குதிரை அந்த இழுப்பின் மீதே சாய்ந்து ஓடும். ஆழ அமர்ந்து, இழுத்து விட்டு, இழுத்து விட்டுப் பிடிக்க வேண்டும். திறந்த வெளியாக இருந்தால் ஒரு வாரைக் குறுக்கி, தலையை மெல்ல ஒருபக்கம் வளைத்து, பெரிய வட்டமாக ஓட விட்டு, வட்டத்தைச் சிறிதாக்கிக்கொண்டே வாருங்கள். குறுகிய பாதையிலும், ஈரத் தாரிலும், சரிவிலும் இதைச் செய்யக் கூடாது. வேகத்தில் தலை வளைக்கப்பட்ட குதிரை கால் தடுமாறி நம் மேலேயே விழும். அலறுவதும், குதித்துவிடுவதும் பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். இந்த வளைப்பை நின்ற நிலையிலும் நடையிலும் முன்பே பலமுறை பழகியிருந்தால்தான் அவசரத்தில் கைக்கு வரும்.

விழுவது உறுதி என்று தெரிந்தால் அங்கவடியிலிருந்து பாதங்களை உதறி, கடிவாளத்தை விட்டு, தாடையை மார்போடு ஒட்டி, கைகளை ஊன்றாமல் உருண்டு விலகுங்கள். நீட்டிய கையால் தரையைத் தடுத்தால் மணிக்கட்டும் தோள்பட்டை எலும்பும் முறியும். விழுந்தவரை உடனே தூக்கி உட்கார வைக்கும் நம் வழக்கம் இங்கே தீங்கானது. கழுத்திலோ முதுகிலோ வலி, கை கால் மரத்துப்போதல், நினைவு தப்புதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அசைக்காமல், தலையை இருந்த நிலையிலேயே தாங்கிப் பிடித்து, தலைக்கவசத்தைக் கழற்றாமல், 108ஐ அழையுங்கள். தலையில் அடிபட்டவர் எழுந்து நடந்து சிரித்தாலும் அன்று மீண்டும் ஏறக் கூடாது. அடுத்த 24 மணி நேரத்தில் வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, குழறும் பேச்சு, எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவை தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். பெரிய மருத்துவமனைகள் உள்ள மதுரை இங்கிருந்து ஏறக்குறைய 120 கிலோமீட்டர், அதன் முதல் பகுதி வளைவுகள் நிறைந்த மலைச்சாலை என்பதால், ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று இரவு வரை காத்திருப்பது இம்மலையில் கட்டுபடியாகாது. வயிற்றிலோ விலாவிலோ உதைபட்டவர் வெளிக்காயம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளே கசியும் இரத்தம் வெளியே தெரியாது.

குதிரை கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்லுங்கள். குதிரைக்கும் வெறிநோய் வரக்கூடும். சாணமும் மண்ணும் கலந்த லாயத் தரையில் டெட்டனஸ் கிருமி சாதாரணமாக இருக்கும். குதிரையோடு பழகுவோர் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறையாவது அதற்கான ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும், அழுக்கான காயம் பட்டால் மருத்துவரிடம் கடைசியாக ஊசி போட்ட ஆண்டைச் சொல்ல வேண்டும்.

குழந்தைகள்

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பெற்றோர் ஏறுவது இங்கே அன்றாடக் காட்சி, அன்றாட ஆபத்தும்கூட. விழ நேர்ந்தால் பெரியவரின் முழு எடையும் குழந்தையின் மேல் விழும். குழந்தை தனியே ஏறட்டும். அளவான தலைக்கவசத்துடன், ஒருவர் கயிற்றைப் பிடிக்க, இன்னொருவர் பக்கத்தில் காலைப் பிடித்தபடி நடக்கட்டும். பாதம் எட்டாத அங்கவடிக்கு மேலுள்ள தோல் வாரின் இடுக்கில் காலை நுழைத்துவிடும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள், அது கழலவே கழலாது. சேணத்தோடு துணியால் கட்டி வைப்பதும் அப்படியே. குதிரை நிற்கும் இடத்தில் குழந்தைகள் ஓடக் கூடாது, வாலைத் தொடக் கூடாது, குதிரையின் அடியில் நுழையக் கூடாது என்பதைக் காரிலிருந்து இறங்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இறங்கிய பின்

கடைசிப் பத்து நிமிடங்கள் நடையாகவே வந்து சேருங்கள். இறங்கியவுடன் வயிற்று வாரை ஒன்றிரண்டு துளை தளர்த்தி, தொங்கும் அங்கவடிகளை மேலே ஏற்றிவிடுங்கள். அவை கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக் குதிரைகள் மிரண்டதுண்டு. குளம்புகளைத் தூக்கிக் கல் சிக்கியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிட வேண்டும். மூச்சு சீராகும் வரை கொள்ளு வைக்கக் கூடாது, தண்ணீர் கொடுக்கலாம். லாய வாசலில் குதிரையோடு ஒரே நேரத்தில் நுழையாதீர்கள், வாசற்காலுக்கும் அதன் விலாவுக்கும் நடுவே இடமிருக்காது. உள்ளே சென்றதும் அதை முழுவதும் திருப்பி, முகம் வாசலை நோக்கி நிற்கும்படி செய்து, நாம் வாசல் பக்கம் நின்றுகொண்டு கடைசியாகத் தலைக்கயிற்றை அவிழ்க்க வேண்டும். அவிழ்த்த மகிழ்ச்சியில் துள்ளித் திரும்பும் குதிரையின் பின்னங்கால்கள் அப்போது உள்பக்கச் சுவரை நோக்கி இருக்கும், நாம் ஓரடி பின்வைத்துக் கதவைச் சாத்தித் தாழிடலாம்.